நாலு காலுக்கும் தைலம்

எனக்கு உட்கார வராது. வேலையில் இருந்தவரை அது ஒரு குறையாக யாருக்கும் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் வீட்டில் வெட்டவெளிச்சமாகிவிட்டது. காலையில் காபியை ஆற்றிக்கொண்டே ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். டிவியை நின்றுகொண்டுதான் பார்க்கிறேன். "கொஞ்ச நேரம் உக்காரேன், உன்னப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்கிறார் வீட்டுக்காரர். உட்கார்ந்தால் எனக்குச் சுற்றுகிறதே, அதற்கு நான் எங்கே போவது?

கோயிலுக்குப் போனாலும் இதே கதைதான். சந்நிதியைச் சுற்றி வருகிறவர்களின் காலில்தான் என் கண் போய் நிற்கிறது. அந்த நீலச் சட்டைக்காரருக்கு வலது இடுப்பு சரியில்லை. இந்தம்மா இடது குதிகாலை ஊன்றப் பயப்படுகிறார். கையெடுத்துக் கும்பிட வந்த இடத்தில் இதெல்லாம் எனக்கு எதற்கு? ஆனால் குதிரைகள் ஓடுவதைப் பார்த்தே காலம் தள்ளியவளுக்கு வேறு என்ன தெரியும்.

நான் குதிரை டாக்டர். இந்த பே ஏரியாவில் குதிரை டாக்டர் என்று சொன்னால் நம் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் "அதுல ஸ்கோப் இருக்கா" என்று கேட்பார்கள். போன மாதம் எங்கள் பழைய கிளினிக்கில் ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு டாக்டர், சான் ஹோசேயில் பிறந்த நம் பெண், என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு குதிரையை ஓடவிட்டுக் கைபேசியில் படம் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கைபேசியே எழுதிக் காட்டியது: முன்னங்கால், இடது, லேசான நொண்டல். சரியாகத்தான் சொன்னது. பொய் சொல்வானேன், அதுதான் எனக்கு எரிச்சல்.

"உங்க டேஸ்ல இதெல்லாம் எப்படி ஆன்ட்டி கண்டுபிடிச்சீங்க? யூ ஷுட் ரைட் இட் டவுன்" என்றாள், நான் ஏதோ ராஜாக்கள் காலத்து ஆள் மாதிரி. எழுத உட்கார வேண்டுமே அம்மா என்றேன். இப்போது சமையல் மேடைமேல் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டே எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து அடுப்பில் ரசம் கொதிக்கிறது. நடுவில் ஓடிவிட்டு வந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, சென்னையில் கால்நடை மருத்துவம் படித்து, மாடு எருமை ஆடு எல்லாம் பார்த்து, கல்யாணம் ஆகி, இவருக்கு சான் ஹோசேயில் வேலை கிடைத்தபோது கூடவே வந்து, நான் படித்த படிப்பு இங்கே செல்லாது என்று கேட்டு அழுது, மறுபடி பரீட்சைகள் எழுதித் தேறி முடிப்பதற்குள் என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். அந்த வருஷங்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நாய் பூனை கிளினிக்கில் நாள் பூராவும் ஒரே அறையில் அடைந்து கிடக்க வேண்டும். குதிரை டாக்டர்கள் டிரக்கை எடுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாக ஓடுகிறவர்கள். குதிரைப் பக்கம் போனதற்கு எனக்கு இருந்த ஒரே காரணம் அதுதான்.

அங்கே எனக்கு வாய்த்த பெரிய டாக்டர் வால்டர். டெக்சாஸ்காரர். நெடுநெடுவென்று உயரம், கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். எப்போதும் கையில் ஒரு காகிதக் கோப்பை, அதில் ஐஸ் கட்டி. அதைக் கடகடவென்று மென்றுகொண்டே இருப்பார். பண்ணைக்குள் நுழைந்ததும் முதலில் குதிரையிடம்தான் பேசுவார். சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றாலும் அவருக்கு வணக்கம் அப்புறம்தான். என்னை "டாக்" என்பார், நானும் அவரை "டாக்" என்பேன். என் பெயரைச் சொல்லிப் பார்த்து நாக்கு சுளுக்கிக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு அது.

நொண்டுகிற குதிரையை அவர் பார்க்கிற முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் குதிரையை நிறுத்திவைத்துச் சுற்றி வருவார். பிறகு ஒவ்வொரு காலையும் மேலிருந்து கீழாகக் கையால் தடவிக்கொண்டு வருவார். பிறகு ஒருவர் கயிற்றைப் பிடித்துக் குதிரையோடு கூடவே ஓட வேண்டும், கெட்டித் தரையில், நேர்கோட்டில், போய் வர. முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலை இறங்கும். இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, வால்டர் இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொள்வது. ஐஸ் மெல்லுவதை நிறுத்திவிடுவார். வலிக்கிற காலைக் குதிரை மெதுவாகத்தான் வைக்கும், அந்தச் சத்தம் மட்டும் அமுங்கி விழும். எனக்கு அது பிடிபட வருஷக்கணக்கு ஆனது.

குதிரை ஓடி வந்து நின்றதும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே சொல். "அகெய்ன்." மறுபடி ஓடும். "அகெய்ன்." கயிற்றைப் பிடித்து ஓடுகிறவள் நான்தான். உச்சி வெயிலில் நாக்குத் தள்ளும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "தெரிந்துவிட்டதா இல்லையா, அதையாவது சொல்லுங்கள்" என்று கத்தியே விட்டேன். அவர் கோபப்படவில்லை. "முதல் தடவையே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததை நான் நம்பவில்லை. அகெய்ன்" என்றார்.

சனி ஞாயிறுகளில் குதிரைப் போட்டிகளுக்கு டாக்டராகப் போவேன். எனக்கு அதிகம் வாய்த்தது வொர்க்கிங் ஹண்டர் போட்டிகள். மரக்கட்டை, புதர், பண்ணைக் கதவு மாதிரி செய்த தடைகளைக் குதிரை வரிசையாகத் தாண்ட வேண்டும். ஒரு காலத்தில் காடு மேடெல்லாம் வேட்டைக்குப் போன குதிரைகளின் நடையைச் சோதிக்கிற போட்டி. இதில் வேகத்துக்கு மார்க் கிடையாது. மேலே உட்கார்ந்திருப்பவருக்கும் கிடையாது. மார்க் எல்லாம் குதிரைக்குத்தான். முதல் தடையிலிருந்து கடைசித் தடை வரை ஒரே சீராக, பதறாமல், காதைக்கூடப் பின்னுக்கு மடக்காமல் போய்விட்டு வர வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்தால் நல்ல சுற்று என்று அர்த்தம். இப்பேர்ப்பட்ட போட்டிக்கு ஒரு இடத்தில் நிற்க முடியாத என்னைப் போட்டார்களே என்று எனக்கே சிரிப்பு வரும்.

சுற்றுகள் முடிந்ததும் நடுவர் தான் தேர்ந்தெடுத்த குதிரைகளின் எண்களை வரிசையாகச் சொல்வார். அவற்றை யாராவது கயிற்றில் பிடித்து அவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். எவ்வளவு அழகாகத் தாண்டியிருந்தாலும் சரி, அந்த ஓட்டத்தில் லேசாகக் காலை இழுத்தால் வெளியே. அடுத்த குதிரை மேலே ஏறிவிடும். வால்டரிடம் பழகியவளுக்கு இந்த ஒரு கட்டம்தான் முழுப் போட்டியும்.

குதிரை சாதுவாக இருந்தால் பரிசு என்றால் சிலர் என்ன செய்வார்கள்? மருந்து கொடுத்துச் சாதுவாக்குவார்கள். அதற்காகத் தடைப் பட்டியல் உண்டு, சிறுநீர்ச் சோதனை உண்டு. சில வாரங்கள் அந்த மாதிரியைப் பிடிக்கிற வேலையும் செய்திருக்கிறேன். நீளக் குச்சியில் ஒரு கோப்பையைக் கட்டிக்கொண்டு குதிரை மனசு வைக்கிறவரை காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருக்க வருமா? மற்றவர்கள் விசிலடித்துப் பார்ப்பார்கள். நான் கைக்குழந்தைக்குச் செய்கிற மாதிரி "ஸ்ஸ்ஸ்ஸ்" என்பேன். சாமி சத்தியமாக, அது குதிரைக்கும் வேலை செய்யும்.

அந்தத் தடைப் பட்டியலில் கற்பூரமும் உண்டு, மிளகாய்க் காரமும் உண்டு. வலியை மறைக்கத் தேய்ப்பார்கள், இல்லையென்றால் தோல் எரிந்து காலை இன்னும் உயரத் தூக்கட்டும் என்று தேய்ப்பார்கள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

பிளசன்டனில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் சிவக்குமாருடையது. உடுமலைக்காரர், சிப் கம்பெனியில் வேலை. மனைவி வசந்தி. ஒரே மகள் தன்யா. பரதம், பியானோ, ஸ்பெல்லிங் போட்டி என்று மற்றக் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தபோது இவள் குதிரையேறக் கிளம்பினாள். கடைசியில் ஒரு குதிரையையே வாங்க வைத்துவிட்டாள். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, பெயர் பிஸ்கட். அதை வாங்கியபோது நம் ஆட்கள் சிவக்குமாரைக் கேலி செய்ததற்கு அளவில்லை. "ஏனுங்க, பாலாவது கறக்குமா?" என்று ஒருத்தர் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

மனுஷனுக்கு முதலில் குதிரையைக் கண்டாலே நடுக்கம். காரட்டை நீட்டிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். ஆனால் தினமும் ஆபீஸ் முடிந்து மகளை அழைத்துவரப் பண்ணைக்குப் போவார். அவள் சேணத்தைத் துடைத்து வைக்கிறவரை சும்மா நிற்க முடியாமல் பிஸ்கட்டின் காலைத் தொட்டுப் பார்க்கப் பழகிக்கொண்டார். வருஷக்கணக்காக, தினமும், நாலு காலையும்.

நான் சொல்லவந்த வருஷம்தான் தன்யாவுக்கு ஜூனியர் பிரிவில் கடைசி. இலையுதிர்காலத்தில் டெக்சாஸில் காலேஜ். எங்கள் வட்டாரப் போட்டி மூன்று நாள். வெள்ளி, சனிக்கிழமைச் சுற்றுகளின் மார்க்கைப் பார்த்துச் சில குதிரைகளை மட்டும் ஞாயிற்றுக்கிழமை இறுதிக்கு எடுப்பார்கள். சின்ன வயதிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அந்தப் பெண் விடியலில் எழுந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலைச் சுற்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. வேலியோரம் நின்ற ஒருவர் நிஜமாகவே கொட்டாவி விட்டார். அந்த ஒரு சுற்றின் மார்க்கே இறுதிக்குப் போகப் போதும் என்று பேசிக்கொண்டார்கள்.

மதியம் கொட்டில் வரிசையில் நடந்துகொண்டிருந்தேன். குதிரைக் கொட்டில் என்றால் வைக்கோல், தோல், சாணம், வியர்வை. அதற்கு நடுவில் என் மூக்கில் சுள்ளென்று ஏறியது ஜலதோஷ வாசனை. ஆமாம், நாம் எல்லோரும் மூக்கடைத்தால் தேய்த்துக்கொள்வோமே, அதே தைலம். எட்டிப் பார்த்தால் பிஸ்கட்டின் காலடியில் சிவக்குமார் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சின்னக் குப்பி.

"ஏனுங் தம்பி, யாருக்குங்க தைலம்?"

"வாங்கக்கா. பிஸ்கட்டுக்குத்தானுங்க. காலு சூடா இருந்துது, பாவம். அதான் நல்லாத் தேச்சு உட்டேன்."

"அய்யோ சாமி! யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"இதுக்கு யாரைக் கேக்கோணும்? தன்யாவுக்கு முட்டி வலிச்சா நாந்தானுங்களே தேச்சு உடறேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதில் இருப்பது கற்பூரம், கற்பூரம் பட்டியலில் இருக்கிறது என்று சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் பயிற்சியாளர் கெல்லி வந்துவிட்டாள். நல்ல கெட்டிக்காரி, ஆனால் வாய் துடுக்கு. சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம், இன்றைக்குச் சோதனைக்காரர்கள் யாரும் வரவில்லை, உன் மூக்கைத் தவிர இந்த மைதானத்தில் எந்த மூக்குக்கு இது தெரியப்போகிறது என்றாள்.

சிவக்குமார் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நம்ம புள்ளைங்க. நீங்க பாக்கலைன்னு வெச்சுக்கக் கூடாதுங்களா?"

"பாக்காம இருந்திருக்கலாம் தம்பி. மோந்துட்டனே!"

நான் அந்தப் போட்டிக்கு டாக்டர். தெரிந்த பிறகு தெரியாத மாதிரி நிற்க எனக்கு முகம் இல்லை. மதியச் சுற்றிலிருந்தும் சனிக்கிழமையிலிருந்தும் பிஸ்கட்டை விலக்கச் சொன்னேன். காலைக் கழுவி, போட்டி அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பழுதில்லை என்றும் சொன்னேன். கெல்லி வாளியை உதைத்தாள். ஞாயிறு இருக்கிறதே என்று, கூட வந்திருந்த தன்யா தன்னைத் தேற்றிக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

இதோடு முடிந்தது என்று நானும் சாப்பிடப் போனேன். சாண்ட்விச்சைப் பிரித்து வாயில் வைக்கவில்லை, மண்டையில் பொட்டென்று அடித்த மாதிரி இருந்தது. "காலு சூடா இருந்துது" என்றாரே. தைலம், தைலம் என்று குதித்த அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டேனே! கால் சூடு என்பது சின்ன விஷயம் இல்லை. முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாரில் கிழிசல் விழுந்தால், நொண்டல் வருவதற்கு முன்னால் சூடுதான் வரும். அந்தக் காலோடு குதிரை தடை தாண்டி இறங்கினால் நார் மொத்தமாக அறுந்துபோகலாம். அப்புறம் குதிரை குதிரையாக இருக்காது. மேலே இருக்கும் பெண்ணும் விழுவாள்.

சாண்ட்விச்சைப் போட்டுவிட்டு ஓடினேன். காலைக் கழுவி முடித்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். சூடுதான். "தைலம் தேய்த்தால் சுடாமல் என்ன செய்யும்?" என்றாள் கெல்லி. அவள் சொல்வதில் தப்பில்லை. தைலமே தோலைச் சுட வைக்கும். உள்ளே இருந்து வந்த சூடா, மேலே தேய்த்த சூடா, இனிமேல் யாரால் சொல்ல முடியும்? இருந்த ஒரே சாட்சியையும் மனுஷன் அன்போடு தேய்த்து அழித்துவிட்டார்.

வேறொரு குதிரைக்காக அன்றைக்கு வால்டரும் அங்கே வந்திருந்தார். கையோடு இழுத்துவந்தேன். கெல்லி கயிற்றைப் பிடித்து ஓடினாள். அவர் பார்த்தார். "அகெய்ன்." கண்ணை மூடினார். நானும் மூடினேன். நாலு குளம்பும் ஒரே மாதிரி விழுந்தன. "அகெய்ன்." ஒன்றுமே இல்லை. ஐஸை மெல்ல ஆரம்பித்தார். "நல்ல குதிரை, டாக். அது தைலம்தான்" என்றார். கெல்லி என்னைப் பார்த்த பார்வையில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்ற கேள்வி இருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வரிசையிலேயே போகவும் வரவுமாக இருந்தேன். பெரிய டாக்டரே சொல்லிவிட்டார், நொண்டல் இல்லை, நீ யார் நடுவில் என்று ஒரு பக்கம். தினமும் தொட்டுப் பார்க்கிற கை சொன்னதே என்று இன்னொரு பக்கம். சிவக்குமார் ஒரு வைக்கோல் கட்டின்மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, எந்தக் காலு சூடா இருந்துச்சு?"

"இடது முன்னங்காலுங்க. குழந்தைக்குக் காச்சல் வந்தா நெத்தி இருக்குமே, அப்படி. மத்ததெல்லாம் சில்லுன்னு இருந்துதுங்க."

"அந்த ஒரு காலுக்குத்தான் போட்டீங்களா?"

"இல்லீங்க, நாலுக்கும் போட்டேன்."

"நாலுக்குமா? ஏனுங்க?"

அவருக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "ஒரு காலுக்கு மட்டும் தேச்சா நல்லா இருக்குமுங்களா? அதும் நம்ம புள்ளையாட்டத்தானுங்களே. நாலுக்கும் ஒரே அளவா, ஒரே மாதிரி தேச்சு உட்டேன்."

நான் அவரைக் கட்டிப்பிடிக்காததுதான் மிச்சம். ஒரு காலில் மட்டும் போட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். நாலிலும் ஒரே அளவு தைலம் என்றால், நாலும் ஒரே அளவுதானே சுட வேண்டும்? குனிந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தடவினேன். வலது முன்னங்கால், பின்னங்கால்கள் இரண்டு, மூன்றும் ஒரே வெதுவெதுப்பு. இடது முன்னங்காலில் பின்பக்கம், நடுவில் ஒரு இடத்தில், அதைவிட ஒரு படி கூடுதல். மறுபடி முதலிலிருந்து தடவினேன். அதேதான்.

வால்டரைக் கூப்பிட்டு அவர் கையையும் பிடித்து வைத்தேன். அவர் நாலு காலையும் தடவினார். பிறகு, "நொண்டாத குதிரைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறாய்" என்றார். "ஆமாம்" என்றேன். "சொந்தக்காரர் சரி என்றால் எடுக்கலாம்" என்றார்.

எல்லோரும் சிவக்குமாரைப் பார்த்தார்கள். தன்யா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ப்ளீஸ். ஹி இஸ் ஃபைன். டாக்டர் வால்டரே ஃபைன்னு சொல்லிட்டாரு. சண்டே முடியட்டும், மண்டே ஸ்கேன் பண்ணலாம். ப்ளீஸ்ப்பா." தமிழே பேசாத பெண் தமிழில் கெஞ்சினாள். அந்த மனுஷன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணு, நாந்தாண்டா சூடுன்னு சொன்னேன். நானே தொட்டுப் பாத்துட்டு, இப்ப இல்லேன்னு எப்படிடா சொல்லுவேன்?" என்றார். பிறகு என்னிடம், "எடுத்துருங்கக்கா" என்றார்.

முடியை மழித்து, களிம்பு தடவி, வால்டர் டிரக்கில் இருந்த கருவியை வைத்துப் பார்த்தோம். திரையில் தசைநார் சாம்பல் நிற இழைகளாகத் தெரியும். அதன் நடுவில் மிளகு அளவு ஒரு கறுப்பு, கிழிசல். வால்டர் ஐஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "அகெய்ன்" என்றார். கருவியை எடுத்து மறுபடி வைத்தேன். கறுப்பு அங்கேயே இருந்தது. அவர் எழுந்து போய் சிவக்குமாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கருவியை டிரக்கில் ஏற்றும்போது என்னிடம், அந்தக் குப்பி எங்கே கிடைக்கும், எனக்கும் முட்டி வலி இருக்கிறது என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இறுதியில் வேறு யாரோ ஜெயித்தார்கள். தன்யா அன்று தன் சேணப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் பேசப் போனேன். "யூ டுக் மை சண்டே, ஆன்ட்டி" என்றாள். கத்தவில்லை, அதுதான் வலித்தது. வசந்தி அந்த வருஷம் நவராத்திரிக்கு எங்களைக் கூப்பிடவில்லை. கோயிலில் பார்த்தால் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வாள். நல்லதுதானே செய்தோம் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். நல்லது செய்தவர்களைக் கொலுவுக்குக் கூப்பிடக் கூடாதா என்ன? இன்றைக்கும் நினைத்தால் சுருக்கென்றுதான் இருக்கிறது.

தசைநார் ஆற ஒரே வழி, கொட்டிலில் கட்டிப்போட்டு, கையில் பிடித்து மெதுவாக நடத்துவது. தினமும், மாதக்கணக்கில், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் நேரத்தைக் கூட்டிக்கொண்டே. தன்யா டெக்சாஸ் போய்விட்டாள். கெல்லிக்குத் தலைக்குமேல் வேலை. நான் மறு ஸ்கேன் எடுக்கப் போனபோது பார்த்தால், காதில் போனை மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் பேசியபடியே சிவக்குமார் குதிரையை நடத்திக்கொண்டிருக்கிறார். "நோ நோ, அந்த டெஸ்ட் இன்னும் ரன் ஆகுது, லெட் மீ செக்" என்பார். உடனே திரும்பி, "டேய் கண்ணு, புல்ல மேயாம வாடா" என்பார். மீட்டிங்கில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்ததையும் பார்த்திருக்கிறேன். குடை குதிரைக்கு.

ஒவ்வொரு ஸ்கேனிலும் அந்தக் கறுப்பு சிறுத்துக்கொண்டே வந்து, ஒருநாள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நடை ஓட்டமானது, ஓட்டம் சின்னத் தடைகளானது. வால்டர் அதற்குள் வேலையை விட்டு டெக்சாஸுக்கே போய்விட்டார். ஒவ்வொரு ஸ்கேன் படத்தையும் அவருக்கு அனுப்புவேன். அவர் எழுதும் பதில் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

நான் ஓய்வு பெற்ற வருஷம் கோடையில், அதே மைதானத்தில், அதே வட்டாரப் போட்டி. தன்யா லீவுக்கு வந்திருந்தாள். பெரியவர்கள் பிரிவில், தாழ்ந்த தடைகள் உள்ள வொர்க்கிங் ஹண்டரில் பிஸ்கட்டோடு இறங்கினாள். நான்தான் டாக்டர். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நின்றேன் என்று சொல்வது தப்பு, வேலியோரமாகக் குதிரை போகிற பக்கமெல்லாம் நானும் போனேன். ஒவ்வொரு தடையையும் தாண்டி இடது கால் தரையைத் தொடும்போது காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரே சீராகப் போய்விட்டு வந்தது. உப்புச் சப்பில்லாத, அழகான சுற்று.

நடுவர் எண்களைச் சொன்னார். மூன்றாவதாக பிஸ்கட். தன்யா இறங்கினாள். கயிற்றை அப்பாவிடம் நீட்டினாள். "நீங்க கூட்டிட்டுப் போங்கப்பா. ஹி கோஸ் பெட்டர் ஃபார் யூ." சிவக்குமார் திருதிருவென்று விழித்தார். சட்டையை உள்ளே செருகினார், வழுக்கையைத் தடவிக்கொண்டார், ஓடினார். தொப்பை குலுங்க, விளையாட்டு ஷூ தடதடக்க, பக்கத்தில் அந்தச் செம்பழுப்புக் குதிரை. நடுவர் சரி என்று தலையை ஆட்டினார். மூன்றாம் இடத்து ரிப்பன் மஞ்சள். அதைத் தன்யா வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அவள் நேராக என்னிடம் வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்க்கிறாள். "ஆன்ட்டி, லெஃப்ட் லெக்... இஸ் ஹி ஓகே?" என்றாள். நடுவர் சொன்னது போதவில்லை அவளுக்கு. என் வாயால் கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் தடவையே தெரிந்துவிட்டது.

"தம்பி, இன்னொரு தரம் ஓடுங்க" என்றேன்.

சிவக்குமார் முகம் சுருங்கிப்போனது. "ஏனுங்கக்கா, காலு...?"

"காலு நல்லா இருக்குது. நீங்க ஓடுங்க, நான் கேக்கோணும்."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே குதிரையைத் திருப்பினார். கெட்டித் தரையில் நாலு குளம்பும் விழ ஆரம்பித்தன, ஒரே கனத்தில், ஒரே அளவில். தன்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் போய்த் திரும்பி வருகிறவரை அசையாமல் நின்றேன்.